கொடிக்குள் ஆந்தை, கொடிக்குள் குழந்தை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அச்சோவியங்கள் பற்றி உங்கள் தளத்தில் வரும் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறேன். எங்களுடையது தலைமுறை தலைமுறையாக நகைத்தொழில் செய்யும் குடும்பம். அப்பா நகாசு வேலையில் கைதேர்ந்தவர். நான் கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிறேன். புதிய கொடிக்கருக்கு மாதிரிகள் தேடும்போது, அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் 15, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அலங்கார அச்சுகள் நிறையக் கிடைத்தன. கொடி, இலை, அதற்குள் பறவைகள், சிறகு வைத்த குழந்தைகள் என்று பார்க்கப் பார்க்க அசந்துபோனேன்.

மார்ட்டின் ஷோன்கவர் என்பவரின் தாள் ஒன்றில் நடுவில் ஆந்தை உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் சின்னப் பறவைகள் அதனுடன் விளையாடுகின்றன. நான் வாங்கிய சின்னங்களின் அகராதியில் ஆந்தை என்றால் ஞானம் என்று போட்டிருக்கிறது. நம் ஊரிலோ ஆந்தை அபசகுனம். ஒரு கல்யாணப் பதக்கத்துக்கு இந்த மாதிரியை எடுத்துக்கொள்ளலாமா? அதே அகராதி, கேருபீன் (சிறகுள்ள குழந்தையாக வரையப்படும் தேவதூதர்) என்றால் தெய்வீக அன்பு என்கிறது. ஆனால் பேஹம் என்பவரின் படத்தில் குழந்தை மண்டையோடுகளுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறது. இதில் என்ன தெய்வீக அன்பு? அப்பாவிடம் கேட்டால், "இதெல்லாம் இடத்தை நிரப்பப் போட்டது, இதில் போய் அர்த்தம் தேடாதே" என்கிறார். அவர் சொல்வது சரிதானா?

அன்புடன்
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

நீங்கள் நகைத்தொழில் குடும்பம் என்று படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. அந்தத் தாள்கள் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அச்சிடப்பட்டன. செய்தவர்களும் உங்கள் தொழிலை ஒட்டியவர்களே. ஷோன்கவரின் அப்பா கொல்மார் நகரத்தில் பொற்கொல்லர். அவருடைய தாள்களைப் பார்த்துப் பார்த்து நகல் செய்து விற்ற இஸ்ரஹேல் வான் மெக்கெனமும் பொற்கொல்லர். வெஸ்ட்ஃபாலியாவின் ஹைன்ரிஹ் ஆல்டெக்ரேவர் அதே தொழிலில் பயின்றவர். செப்புத்தகட்டில் கூர் உளியால் கோடு இழுத்து, அந்தப் பள்ளத்தில் மை நிரப்பிக் காகிதத்தில் ஒற்றி எடுக்கும் வித்தையே பொற்கொல்லர் பட்டறையில் பிறந்ததுதான். தாள்களை வாங்கிய பட்டறைக்காரர்கள் அவற்றைச் சுவரில் ஒட்டினார்கள், கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டுக் கரித்தூள் தட்டி உருவை மாற்றினார்கள், கிழியும்வரை பயன்படுத்தினார்கள். இன்று இவற்றில் பல அபூர்வமாகிவிட்டதற்கு அதுதான் காரணம்.

உங்கள் கேள்விக்கான பதிலும் இங்கிருந்தே தொடங்குகிறது. தேவாலயப் பீடத்துக்காக வரைந்த ஓவியத்தில் புறா பறந்தால் அது பரிசுத்த ஆவி. இடமே அர்த்தத்தைப் பூட்டிவிடுகிறது. அலங்கார அச்சுக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. அதைச் செதுக்கியவருக்குத் தன் கொடி எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது. குத்துவாள் உறையில் ஏறலாம், கல்யாணப் பெட்டியில் ஏறலாம், ஜெபப்புத்தகத்தின் கொக்கியில் ஏறலாம். அதனால் "ஆந்தை = ஞானம்" என்று சமன்பாடு போடும் அகராதி இங்கே கைகொடுக்காது. என்ன பறவை என்று கேட்பதைவிட, அந்தப் பறவை என்ன செய்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், இந்தத் தாளை யார் வாங்கியிருப்பார்கள் என்று கேளுங்கள்.

ஷோன்கவரின் ஆந்தையை எடுத்துக்கொள்வோம். அந்தத் தாளை இன்னொரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். சின்னப் பறவைகள் விளையாடவில்லை. ஆந்தையைச் சூழ்ந்துகொண்டு விரட்டுகின்றன. பகலில் மாட்டிக்கொண்ட ஆந்தையைச் சிறு பறவைகள் கூட்டமாகச் சேர்ந்து கத்தித் துரத்துவது இயற்கையில் அன்றாடம் நடப்பது. "பகல்வெல்லும் கூகையைக் காக்கை" என்று குறளில் படித்திருப்பீர்கள். ஐரோப்பிய வேடர்கள் இதை ஒரு தந்திரமாகவே வைத்திருந்தார்கள். ஆந்தையைக் கம்பத்தில் கட்டி வைப்பார்கள். திட்ட வரும் சிறு பறவைகள் சுற்றிலும் பிசின் தடவிய குச்சிகளில் உட்கார்ந்து ஒட்டிக்கொள்ளும். ஷோன்கவரின் தாளை வாங்கிய எந்தப் பட்டறைக்காரருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. வயலோரத்தில் பார்த்திருப்பார்.

அதற்கு மேல் அர்த்தம் உண்டா என்றால், ஒன்றுக்கொன்று முரண்பட்ட பல அர்த்தங்கள் உண்டு. பழைய கிரேக்கத்தில் ஆந்தை ஞானத்தின் தெய்வமான அதீனாவின் பறவை. உங்கள் அகராதி அங்கிருந்துதான் எடுத்திருக்கிறது. ஆனால் ஷோன்கவர் வாழ்ந்த ரைன் ஆற்றுப் பகுதியில் ஆந்தை இருட்டை விரும்பும் பறவை, ஒளியைக் கண்டு ஒளியும் பாவியின் அடையாளம், மூடத்தனத்தின் அடையாளம். இடைக்கால விலங்கு நூல்கள் இதே ஆந்தையை யூதர்கள்மீது வீசும் வசையாகவும் பயன்படுத்தின. கிறிஸ்துவின் ஒளியைக் காண மறுப்பவர்கள் என்று பழி சொல்லி, கூட்டமாக விரட்டப்படும் பறவையை அவர்களுக்கு உருவமாகக் கொடுத்தன. அந்த வெறுப்பு ஐரோப்பியக் கலையின் எத்தனையோ மூலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழகான இலைச்சுருளுக்குள்ளும் அது இருந்திருக்க முடியும் என்பதை நாம் மறக்கக்கூடாது. இதற்கு நேர் எதிரான ஒரு வழியும் இருந்தது. விவிலியத்தின் சங்கீதம் 102இல் துன்புறுகிறவர் தன்னைப் பாழிடத்து ஆந்தைக்கு ஒப்பிடுகிறார். அதைப் பிடித்துக்கொண்டு, எல்லோராலும் பழிக்கப்பட்ட ஆந்தையைக் கிறிஸ்துவாகவே படித்தவர்கள் உண்டு.

ஜெர்மானிய ஓவியர் டியூரரின் பெயரில் வழங்கும் மரச்செதுக்கு அச்சு ஒன்று, சுமார் 1515ஐச் சேர்ந்தது, இதே காட்சியைக் காட்டுகிறது. எல்லாப் பறவைகளுக்கும் ஆந்தைமேல் பொறாமையும் பகையும் என்கிறது அதன் மேலுள்ள வரி. அங்கே நம் மனம் ஆந்தையின் பக்கம் சாய்கிறது. ஒரே காட்சி, ஒரே ஜெர்மானிய நிலம், இடையில் ஒரு தலைமுறை இடைவெளிதான். டியூரர் இளைஞனாக ஷோன்கவரைப் பார்க்கக் கொல்மாருக்குப் போனவர். அவர் போய்ச் சேர்ந்தபோது ஷோன்கவர் இறந்துவிட்டிருந்தார். வருடம் 1492. ஷோன்கவர் இறந்தது 1491இல்.

ஷோன்கவரின் தாளில் எழுத்து எதுவும் இல்லை, அவருடைய கையெழுத்துக் குறியைத் தவிர. அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அந்தத் தாளில் பிடித்தது, முள் போன்ற இலைகளின் முரட்டுச் சுழற்சியும் பறவைகளின் கத்தலும் ஒரே வேகத்தில் ஓடுவது. ஆந்தை மட்டும் அசையாமல் நடுவில் இருக்கிறது. சுற்றிச் சுழலும் கொடிக்கு ஓர் அச்சாணி வேண்டும், அந்த அச்சாணி ஆந்தை. இதை இடம் நிரப்புவது என்று சொல்ல என்னால் முடியாது.

இனி உங்கள் அப்பா சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிக்கு என்னிடம் நல்ல சான்று ஒன்று உண்டு.

ரோமாபுரியில் அகஸ்டஸ் காலத்து அமைதிப் பீடம் ஒன்று இருக்கிறது, ஆரா பாசிஸ். கி.மு. 13இல் செனட் அதைக் கட்டத் தீர்மானித்தது, கி.மு. 9இல் அர்ப்பணித்தார்கள். அதன் கீழ்ப்பாதி முழுக்க அகாந்தஸ் என்ற செடியின் இலைகளோடு கொடி ஓடும். கொடியின் மேலே சிறகு விரித்த அன்னங்கள். அன்னம் அப்போலோவின் பறவை, அப்போலோ அகஸ்டஸின் காவல் தெய்வம். எனவே அந்த அன்னத்துக்குப் பொருள் மிகத் தெளிவு: இவர் ஆட்சியில் பொற்காலம் வந்துவிட்டது, காய்ந்த தண்டும் துளிர்க்கும். அரசியல் விளம்பரம் என்றே சொல்லலாம். பிறகு நகரம் மண்மூடிப் போனது. பீடமும் புதைந்தது. 16ஆம் நூற்றாண்டில் அதன் துண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின. 1536க்கு முன்பே அகொஸ்தினோ வெனெட்சியானோ என்ற செதுக்குக் கலைஞர் அப்படி ஒரு துண்டைப் பார்த்து, சிறகு விரித்த அன்னத்தையும் அகாந்தஸ் சுருளையும் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார். அது அகஸ்டஸின் பீடம் என்று அவருக்குத் தெரியாது. வாங்கியவர்களுக்கும் தெரியாது. அந்தத் துண்டுகள் எந்தக் கட்டடத்தைச் சேர்ந்தவை என்று அடையாளம் கண்டது 19ஆம் நூற்றாண்டில்தான்.

அப்படியானால் அகொஸ்தினோவின் தாளில் அந்த அன்னம் எதைக் குறிக்கிறது? பழைய பொருள் அறுந்துவிட்டது. உருவம் மட்டும் நடந்து வந்திருக்கிறது. அதை வாங்கிய செதுக்குத் தச்சர் ஒரு கட்டிலில் ஏற்றியிருந்தால், அது காதல் தெய்வம் வீனஸின் அன்னம் ஆகியிருக்கும். கவிஞர் ஒருவரின் கல்லறையில் ஏற்றியிருந்தால், சாகும் முன் பாடும் அன்னம் ஆகியிருக்கும். அச்சுத் தாள் வடிவத்தைக் கொடுத்தது, அர்த்தத்தைக் கைவேலைக்காரரும் வாங்கியவரும் சேர்ந்து கொடுத்தார்கள். இந்த விஷயத்தில் நான் சொல்ல வருவது இதைத்தான். உங்கள் அப்பா "அர்த்தம் தேடாதே" என்று சொல்வதை நான் சற்றே மாற்றிச் சொல்வேன்: தாளில் மட்டும் தேடாதீர்கள், அது போய் உட்கார்ந்த பொருளிலும் தேடுங்கள்.

மற்ற பறவைகளைப் பற்றிச் சுருக்கமாக. கூழைக்கடா தன் மார்பைக் கொத்தி இரத்தத்தால் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது என்றால் அது கிறிஸ்து, அதில் சந்தேகமே வேண்டாம். அந்தச் செயல் வேறு எதற்கும் பொருந்தாது. கொக்கு ஒரு காலைத் தூக்கி அதில் கல்லைப் பிடித்திருந்தால் விழிப்பு. தூங்கினால் கல் விழுந்து எழுப்பிவிடும் என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த கதை அது. செங்கால் நாரை வயதான தாய் தந்தையைச் சுமந்தால் நன்றிக்கடன். 1531இல் ஆக்ஸ்பர்க்கில் அச்சான அல்ச்சாத்தோ என்ற இத்தாலியரின் சின்னங்கள் பற்றிய நூலுக்குப் பிறகு இது எல்லாப் பட்டறைக்கும் பொதுச்சொத்து ஆகிவிட்டது. கோல்ட்ஃபிஞ்ச் என்ற குருவி முட்செடியின் விதையைத் தின்னும், முகத்தில் சிவப்பு இருக்கும். அதனால் கிறிஸ்துவின் முள்முடியின் நினைவு அதில் ஏறியது. ஆனால் அந்தக் குருவி மதோனாவின், அதாவது மரியன்னையின், கையருகே இருந்தால்தான் அந்த நினைவு வேலை செய்யும். கொடியில் சும்மா உட்கார்ந்து பழம் கொத்தினால் குருவி குருவிதான். மயிலின் சதை அழுகாது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. புனித அகஸ்டின் கார்த்தேஜில் சமைத்த மயில் இறைச்சியைப் பத்திரப்படுத்தி வைத்து, ஓராண்டு கழித்தும் அது கொஞ்சம் உலர்ந்திருந்ததே தவிரக் கெடவில்லை என்று எழுதுகிறார். அதனால் மயில் அழியாமையைக் குறிக்கும். அதே மயில் ரோமானியக் கடவுளரின் ராணியான ஜூனோவின் பறவை என்பதால் ராணிக்குரிய கர்வத்தையும் குறிக்கும்.

குழந்தைகளுக்கு வருவோம். இங்கேதான் உங்கள் அகராதி அதிகமாகக் குழப்பியிருக்கிறது, ஏனென்றால் தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் பலரை அது ஒரே பெயரில் போட்டுவிட்டது.

விவிலியத்தின் கேருபீன்கள் பயங்கரமானவர்கள். எசேக்கியேல் கண்ட தரிசனத்தில் அவர்களுக்கு நான்கு முகங்கள்: மனிதன், சிங்கம், எருது, கழுகு. நான்கு சிறகுகள். ஏதேன் தோட்டத்தின் வாசலில் சுடர்விடும் வாளோடு காவல் நிற்பவர்கள் அவர்கள்தான். கலைஞர்கள் இந்த உருவத்தைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் ஒரு குழந்தைத் தலையும் இரண்டு சிறகுகளும் மட்டும் வைத்தார்கள். உடல் இல்லை, ஏனென்றால் அவர்கள் முழுக்க அறிவால் ஆனவர்கள். ஆக, கழுத்துக்குக் கீழே உடல் இல்லாமல் சிறகு மட்டும் முளைத்திருந்தால் அது கேருபீன் அல்லது சேராபீன் என்ற இன்னொரு வகைத் தேவதூதர். இவர்கள் பெரும்பாலும் பீடச் சட்டங்களிலும் கல்லறைகளிலும் மூலைகளில் வருவார்கள்.

முழு உடலோடு ஓடி ஆடுகிற குழந்தைகள் வேறு வம்சம். ரோமானியக் கல் சவப்பெட்டிகளில் திராட்சை பறித்தும், வேட்டையாடியும், தேரோட்டியும் வந்தவர்கள் இவர்கள். 15ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்சில் சிற்பி தொனத்தெல்லோ இவர்களை உயிர்ப்பித்தார். 1430களில் அவர் செய்த பாடகர் மாடத்தில் அவர்கள் தலைதெறிக்க ஆடுகிறார்கள். தேவாலயத்துக்குள் இத்தனை கொண்டாட்டமா என்று இன்றும் திகைக்க வைக்கும் வேலை. கையில் வில் இருந்தால் மன்மதன் என்று சொல்லிவிடலாம். கண்ணைக் கட்டியிருந்தால் குருட்டுக் காதல். கையில் கேடயமோ பலகையோ இருந்தால் யாருடைய குடும்பச் சின்னத்தையோ தாங்கும் வேலையாள். கையில் ஒன்றுமே இல்லாவிட்டால்? கொடிக்குள் ஓடும் உயிர். அவ்வளவுதான், அதுவே போதும்.

பறவையும் சிறகுள்ள குழந்தையும் ஏன் எப்போதும் ஒரே கொடியில் இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்குப் பிடித்த கேள்வி அது. பியோன் என்ற பழைய கிரேக்கக் கவிஞரின் சிறு பாடல் ஒன்று இருக்கிறது. குருவி பிடிக்கும் சிறுவன் தோப்பில் ஒரு மரக்கிளையில் சிறகுள்ள எதையோ பார்க்கிறான். பெரிய பறவை என்று நினைத்து, பிசின் தடவிய குச்சிகளை ஒன்றோடொன்று கோத்து, கிளைக்குக் கிளை தாவும் அதைப் பிடிக்கத் துடிக்கிறான். முடியவில்லை. தனக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்த வயதான உழவரிடம் போய்க் காட்டுகிறான். கிழவர் சிரித்துவிட்டுச் சொல்கிறார்: இந்தப் பறவை பின்னால் போகாதே, பொல்லாதது. நீ வளர்ந்து ஆளானதும் அதுவே வந்து உன் தலையில் உட்காரும். மரத்தில் இருந்தது காதல் தெய்வம். அலங்காரக் கொடிகளில் குழந்தை பறவையைத் துரத்துவதும், நூல் கட்டிப் பறக்கவிடுவதும், அதன்மேல் ஏறிச் சவாரி செய்வதும் திரும்பத் திரும்ப வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டு நினைவுக்கு வரும். இரண்டுக்கும் சிறகு உண்டு, இரண்டும் பிடிபடாது.

இப்போது மண்டையோட்டுக் குழந்தை. நீங்கள் பார்த்தது அநேகமாக நியூரம்பர்க்கின் பார்ட்டெல் பேஹம் செதுக்கியது, அல்லது அதை ஒட்டி அவர் அண்ணன் செபால்ட் பேஹம் செய்தது. தீப்பெட்டி அளவுக்கு மேல் பெரிதில்லாத தகடுகள் இவை. இவ்வளவு சின்னதாகச் செதுக்கியதால்தான் இவர்களைச் சிறு உருவ வல்லுநர்கள் என்று ஒரு கூட்டமாகச் சொல்கிறார்கள். 1525 ஜனவரியில் இந்தச் சகோதரர்களும் கேயோர்க் பென்ட்ஸ் என்ற ஓவியரும் நியூரம்பர்க் மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். ஞானஸ்நானம், கிறிஸ்து, நகர மன்றத்தின் அதிகாரம் எதையும் ஏற்கவில்லை என்பது குற்றச்சாட்டு. "தெய்வம் இல்லாத ஓவியர்கள்" என்று பெயர் சூட்டி நகரத்தை விட்டுத் துரத்தினார்கள். அந்த ஆண்டிலேயே திரும்ப அனுமதியும் கிடைத்தது. அதே 1525இல்தான் ஜெர்மனியின் விவசாயிகள் எழுந்தார்கள், ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள்.

இந்த நினைவோடு அந்தத் தாளைப் பாருங்கள். தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் மண்டையோடுகள். நான்கு மண்டையோடுகள் உள்ள படத்தில் ஒரு லத்தீன் வரியும் உண்டு: மரணம் எல்லாவற்றையும் சமமாக்கும். இந்த உரு இத்தாலியிலிருந்து வந்தது. ஜொவான்னி போல்து என்ற வெனிஸ் கலைஞர் 1458ஆம் ஆண்டுப் பதக்கம் ஒன்றில் சிறகுள்ள பிள்ளையை மண்டையோட்டின்மேல் சாய்த்து வைத்தார். ஆனால் பார்ட்டெல் பேஹம் ஒரு மாற்றம் செய்தார். அவருடைய குழந்தைக்குச் சிறகு இல்லை. போல்துவின் பிள்ளை தேவலோகத்தது, மரணத்தைப் பற்றி நமக்குச் சொல்ல வந்தது. பேஹமின் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளை, அதுவே சாகப்போகிறது. பிறந்த குழந்தைகளில் எத்தனையோ பேர் வளராமலே போன காலத்தில், இதை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது வெறும் தத்துவமாக இருந்திருக்காது. இந்தத் தாளைப் பார்த்துவிட்டு நான் வெகுநேரம் வேறு எதையும் பார்க்க முடியாமல் இருந்திருக்கிறேன்.

ஆகவே இது கேருபீனே அல்ல. அகராதியின் தெய்வீக அன்பை இங்கே கொண்டுவர வேண்டாம். அதே செபால்ட் பேஹம் 1544இல் இரண்டு குழந்தைகள் ஒரு முகமூடியைத் தாங்கிப் பிடிக்கும் அலங்காரத் தாள் ஒன்றைச் செதுக்கியிருக்கிறார். இடமும் வலமும் சமமாக அமைந்த வேலை, பொற்கொல்லருக்கு நேரடியாகப் பயன்படும். அதில் மரணமும் இல்லை, தெய்வமும் இல்லை. அங்கே உங்கள் அப்பா சொல்வதே சரி.

உங்களுக்கும் அப்பாவுக்கும் நடக்கும் இந்த வாக்குவாதம் 16ஆம் நூற்றாண்டிலேயே பெரிய அளவில் நடந்தது. நீரோவின் பொன்மாளிகை மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. சுமார் 1480இல் மேலிருந்து துளை வழியே கலைஞர்கள் அதற்குள் இறங்கத் தொடங்கினார்கள். தீப்பந்த வெளிச்சத்தில் கூரைகளில் பார்த்தது: பூத்தண்டிலிருந்து முளைக்கும் அரை மனிதர்கள், இலை வாலுள்ள பறவைகள், நூல்போன்ற கம்பங்களில் ஆடும் குழந்தைகள். நிக்கோலெட்டோ ட மோதெனா என்ற அச்சுக் கலைஞர் அந்தச் சுவரில் தன் பெயரையும் 1507 என்ற ஆண்டையும் கிறுக்கி வைத்திருக்கிறார், இன்றும் இருக்கிறது. மேலே வந்ததும் அந்தப் பாணியில் நெடும் பலகைகளாகச் செதுக்கி அச்சிட்டார். 1519க்குள் ரஃபேலின் பட்டறையில் ஜொவான்னி த உதினே வத்திக்கான் தாழ்வாரத்தையே அந்தப் பாணியில் நிரப்பினார். அச்சுகள் இதை ஆன்ட்வெர்ப்புக்கும் பாரிசுக்கும் கொண்டுபோயின.

இந்த வகை ஓவியத்தை ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் முன்பே திட்டியிருந்தார். இப்படிப்பட்டவை இல்லை, இருக்கவும் முடியாது, இருந்ததும் இல்லை என்றார். 1582இல் பொலோஞ்ஞா நகரத்துக் கர்தினால் பாலியோத்தி, தேவாலயத்துக்கு இவை தகாது என்று கடுமையாக எழுதினார். அவருக்கு எதிர்த்திசையில் பிர்ரோ லிகோரியோ என்ற தொல்பொருள் அறிஞர், இவை எகிப்தியச் சித்திர எழுத்துபோல ஆழ்ந்த பொருள் உடையவை, நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்றார். பிரான்சில் மொன்தேன் தன் கட்டுரைகளையே இந்த ஓவியங்களோடு ஒப்பிட்டார், விதவிதமாகவும் விசித்திரமாகவும் இருப்பதைத் தவிர இவற்றுக்கு வேறு அழகு இல்லை என்று. லிகோரியோ இவற்றைக் காப்பாற்ற நினைத்தார், அது எனக்குப் புரிகிறது. ஆனால் பொருள் இருந்தால்தான் மதிப்பு என்ற பாலியோத்தியின் விதியை அவரும் ஏற்றுக்கொண்டார் என்பதுதான் எனக்கு வருத்தம். ஒரு கொடி தன் ஓட்டத்தாலேயே நிற்கலாம்.

இந்தச் சிறகுப் பிள்ளைகள் இந்தியாவுக்கும் வந்தார்கள். 1580இல் ஏசுசபையினர் ஃபதேபூர் சிக்ரியில் அக்பரின் அவைக்கு ஆன்ட்வெர்ப்பில் அச்சான பன்மொழி விவிலியத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் செதுக்குப் படங்களையும், பின்னால் வந்த தனித்தாள்களையும் முகலாய ஓவியர்கள் கூர்ந்து பார்த்தார்கள். பிச்சித்ர் வரைந்த ஜஹாங்கீர் ஓவியம் ஒன்று இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. பேரரசர் மணல் கடிகாரத்தின்மேல் அமர்ந்திருக்க, கீழே இரண்டு சிறகுப் பிள்ளைகள் அந்தக் கடிகாரத்தில் உங்கள் ஆட்சி ஆயிரம் ஆண்டு நீடிக்கட்டும் என்று எழுதுகிறார்கள். கேருபீனும் அல்ல, மன்மதனும் அல்ல. புது அவையில் புது வேலை. மணல் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஓவியர் அதையும் மறைக்கவில்லை.

சரி, உங்கள் பதக்கத்துக்கு வருகிறேன். ஷோன்கவரின் ஆந்தை கல்யாணத்துக்கு வேண்டாம். நம் ஊர் நம்பிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. கூடி நின்று ஒருவரை விரட்டும் காட்சி அது, எந்த ஊர்க் கல்யாணத்துக்கும் பொருந்தாது. அதன் இலைச்சுருளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவு அழுத்தமான இலை வேறு யாரிடமும் கிடைக்காது. கேட்பவருக்கு ஞானத்தின் ஆந்தைதான் வேண்டுமென்றால் பழைய ஏதென்ஸ் வெள்ளி நாணயத்துக்குப் போங்கள். அங்கே ஆந்தை தனியாக, ஒலிவக் கிளையோடு, நேராக உங்களைப் பார்க்கும். கல்யாணத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது அகொஸ்தினோவின் அன்னம். நளனுக்காகத் தமயந்தியிடம் தூதுபோன அன்னத்தை அறிந்த வீட்டில் அதற்குப் பொருள் சொல்லித்தர வேண்டியதில்லை.

தகட்டுக்கு மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். செப்புத்தகட்டில் செதுக்கியது காகிதத்தில் இடம் வலமாகத் திரும்பியிருக்கும். அந்தக் காகிதத்தைப் பார்த்து இன்னொருவர் நகல் செதுக்கினால் மறுபடியும் திரும்பும். இணையத்தில் ஒரே மாதிரி இரண்டு திசைகளில் கிடைத்தால் குழம்ப வேண்டாம், ஒன்று நகலாக இருக்கும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் இரண்டும் பெரிய அளவுக் கோப்புகளை இலவசமாகத் தருகின்றன. ஒரே தாளின் வேறுவேறு பிரதிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். தகடு தேயத் தேய மெல்லிய கோடுகள் முதலில் மறையும், பறவையின் இறகும் குழந்தையின் கன்னமும்தான் முதலில் போகும். அவை தெளிவாக இருக்கும் பிரதியை எடுத்து அப்பாவிடம் காட்டுங்கள். உளி எங்கே அழுந்தியது, எங்கே தூக்கியது என்று அவர் என்னைவிட நன்றாகச் சொல்வார். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்